தங்கபுஷ்பத்தின் வயிறு

செப்டம்பர் 8, திங்கள்

நாளைக் காலை தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. கோவில்பட்டியிலிருந்து நேற்றே இரண்டு பேரும் மதுரை வந்துவிட்டோம். அறை நான்காவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடம் தெரிகிறது. அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவளுக்கு அண்டாவைப் பார்த்தால் ஒரு தைரியம். இப்படித் தினமும் நாலு வரி எழுதுகிற பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

தங்கபுஷ்பம் என் வீட்டுக்காரரின் தங்கை. அறுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அந்த வேலையே இல்லாமல் போன பிறகு பில் கவுண்டரில் உட்கார்ந்து, ஓய்வு பெற்றாள். வீட்டில் முன்கட்டு அவளுக்கு, பின்கட்டு எங்களுக்கு. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது; இன்னும் 'எங்களுக்கு' என்றுதான் எழுத வருகிறது. ஒரே வாசல், இரண்டு சமையல். அது எப்படி ஆரம்பித்தது என்று அவளைக் கேட்டாலும் என்னைக் கேட்டாலும் தெரியாது. சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது.

அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால் வந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாடு வந்ததும் ஆஸ்பத்திரி டம்ளரைத் தன் கைக்குட்டையால் மூன்று தடவை துடைத்தாள். சுத்தக்காரி. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மதினி, ஒண்ணு சொல்லுதேன். ஒரு தடவைதான் கத்தி வைக்கணும். ஏதாவது கோளாறாகி, திரும்ப அறுக்கணும்னு சொன்னாகன்னா விட்டுருங்க."

"வாயைக் கழுவு மொதல்ல."

"கழுவிட்டுத்தான் பேசுதேன்."

செப்டம்பர் 9, செவ்வாய்

முடிந்தது. டாக்டர் பூபாலன் வெளியே வந்து, "இதயம் நல்லா ஓடுதும்மா" என்றார். விளாத்திகுளத்துக்குப் போன் செய்து சுடலைமுத்துவிடம் சொன்னேன். தங்கத்தின் சித்தப்பா மகன், அங்கே உரக்கடை வைத்திருக்கிறான். போனிலேயே அழுதான். ஆண்பிள்ளை இப்படி அழுவானா என்று இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

ஐ.சி.யூ.வில் ஐந்து நிமிஷம் விட்டார்கள். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். கை சில்லென்று இருந்தது. "குரல் போச்சே மதினி" என்றாள். காற்றுதான் வந்தது. அந்தக் காலத்தில் கோவில்பட்டியில் முகம் தெரியாதவர்கள்கூட அவள் குரலைத் தெரிந்து வைத்திருந்தார்கள். திரும்பி வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கென்ன தெரியும்.

செப்டம்பர் 11, வியாழன்

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தண்ணீர். அறைக்கு மாற்றிவிட்டார்கள். நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டுதான் இருமவேண்டுமாம். எலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதே.

கீழே கேன்டீனில் சொல்லிக் கஞ்சி வைத்துத் தரலாமா என்று சிஸ்டர் ஜெபராணியிடம் கேட்டேன். "நாளைக்குப் பாப்போம்மா" என்றாள். நொய் அரிசியும் பாசிப்பருப்பும் வாங்கி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வயிறு வேறு வேலை பார்த்திருக்கிறது.

காலையில் போர்வையை விலக்கியபோது வயிறு உப்பி, மத்தளம் மாதிரி இருந்தது. இரண்டு ஸ்பூன் கஞ்சி உள்ளே போனதும் ஓங்கரித்தாள். ஜெபராணி வந்து அறை முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, காத்து பிரிஞ்சுதா?" என்றாள். தங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு என்னிடம், "ஏன் மதினி இதைப் போய் இவ்வளவு சத்தமாக் கேக்காக" என்றாள்.

பூபாலன் சொன்னது எனக்குப் புரிந்த மட்டில்: பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, வலிக்குப் போடுகிற ஊசி எல்லாம் சேர்ந்து குடல் தூங்கிவிடும். எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும். ஓரிரண்டு நாளில் தானாக விழிக்கும். அதுவரை வாய் வழியாக ஒன்றும் கிடையாது. மெல்லுவதற்கு மட்டும் சூயிங்கம் கொடுத்தார்கள். மென்றால் குடல் சாப்பாடு வருகிறது என்று நினைத்து எழுந்துகொள்ளுமாம். தங்கம் ஜென்மத்தில் முதல் தடவையாக சூயிங்கம் மென்றாள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

காற்று பிரியவில்லை. நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்கிறேன். அவள் தலையை ஆட்டுகிறாள், இல்லை என்று.

செப்டம்பர் 13, சனி

பச்சைப் பச்சையாக வாந்தி. மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். மறுபடியும் ஐ.சி.யூ.

சாயங்காலம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தங்கம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறாள், ஆனால் எங்களிடம் இல்லை. கை காற்றில் வயர்களைச் செருகிச் செருகி எடுக்கிறது.

"ஹலோ, கோவில்பட்டி எக்ஸ்சேஞ்ச். லைன்ல இருங்க... சிவகாசி, பேசுங்க... ஹலோ, அண்ணனா? அண்ணே, மதினி காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க சொல்லுங்க. இருங்க, லைன் தாரேன்."

என் பக்கம் கையை நீட்டினாள், ரிசீவர் கொடுக்கிற மாதிரி.

ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், போய்விடும் என்றாள் ஜெபராணி. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். காதில் வைத்தேனா என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

காலையில் டீ குடித்தேன். அதனால் அவள் சொன்னது முழுக்கச் சரியில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடியும்போதே வலி என்று கத்தியிருக்கிறாள். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். குடல் டாக்டர் நிலோஃபர் என்று ஒரு பெண், வயது நாற்பது இருக்கும், என்னை உட்காரவைத்துச் சொன்னார். சிறுகுடலில் ஒரு பகுதிக்கு ரத்தம் போகவில்லை. அந்தத் துண்டு செத்துக்கொண்டிருக்கிறது. உடனே வயிற்றைத் திறந்து அதை எடுக்கவேண்டும். மீதியைத் தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு பை மாட்டுவார்கள்.

"செய்யாட்டி?"

"செய்யாட்டி ரெண்டு நாள் தாங்காதும்மா. செஞ்சா பாதிக்குப் பாதி. இப்பதான் இதய ஆபரேஷன் ஆனவங்க. பொய் சொல்ல விரும்பல."

சுடலைமுத்து வந்திருந்தான். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மதினி, வேண்டாம். திரும்ப அறுக்கக் கூடாதுன்னு அக்கா என்கிட்டயும் சொல்லிருக்காக. எத்தனை தடவைதான் கிழிக்கிறது? வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். அவுக கட்டில்ல, நிம்மதியா..."

முடிக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவளிடம் பாசம் இருந்ததால்தான் அப்படிச் சொன்னான். என்னிடமும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள்.

"அவ சொன்னது வாஸ்தவம்தான். ஆனா அன்னைக்கு வலி இல்ல. இன்னைக்கு என்ன சொல்லுதான்னு கேக்க வேண்டாமா?"

"அவுகதான் சுயநினைவு இல்லாம இருக்காகளே."

"ஜெபராணி சொன்னா, காலையில தெளிவா இருக்கான்னு."

ஆளாளுக்கு அவளுடைய வயிற்றைப் பற்றி வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஒரு எரிச்சல். நிலோஃபர் டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை உள்ளே அழைத்துப்போனார். தங்கத்திடம் பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டார். சரியாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை. உங்களுக்கு லீவு இல்லையா?" என்றும் கேட்டாள்.

நான் அவள் காதருகே குனிந்தேன். மூடி மறைத்துச் சொல்ல எனக்கு வராது.

"தங்கம், குடல்ல ஒரு துண்டுக்கு ரத்தம் போகல. அதை வெட்டி எடுக்கணும். வயித்துல பை வைப்பாக, அது வழியாத்தான் எல்லாம் வரும், கொஞ்ச நாளைக்கு. பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னு சொல்லுதாக. வேண்டாம்னா யாரும் உன்னைத் தொட மாட்டாக. உன் இஷ்டம்."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குது மதினி."

"தெரியும்."

"நீங்க ஊருக்குப் போயிருவீகளா?"

"நீ வந்தாத்தான் போவேன்."

கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"அப்ப அறுக்கச் சொல்லுங்க."

அவளே கையெழுத்துப் போட்டாள். கோணல் மாணலாக இருந்தது. கீழே நானும் போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இரண்டு அடிக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். மீதிக் குடல் நல்ல நிறத்தில் இருக்கிறதாம். உயிர் இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

கண் திறக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று மாடிப்படியில் சற்று உட்கார்ந்திருந்தேன். ஜெபராணி ஏனோ ஆட்களைக் கூட்டி, என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று விசாரித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் பெரிதுபடுத்துகிறார்கள். அவள் கொண்டுவந்த இட்லி கல் மாதிரி இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்ததால் நாலையும் தின்றேன்.

செப்டம்பர் 20, சனி

குடல் விழித்துவிட்டது!

பையில் பச்சையாக ஒரு கை தண்ணீர். கூடவே காற்று, 'பொர்ர்' என்று ஒரு சத்தம். நிலோஃபர் டாக்டர் கையைத் தட்டினார். ஜெபராணி தட்டினாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி விஷயம் தெரியாமலே தட்டினாள். நானும்தான். என் அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒன்றுக்கு நான் கைதட்டியதில்லை.

தங்கத்துக்குக் காது சிவந்துபோயிற்று.

செப்டம்பர் 25, வியாழன்

அறைக்கு வந்துவிட்டோம். பையைக் காலி செய்ய ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு செய்தாள். தங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. டம்ளரை மூன்று தடவை துடைக்கிறவள்.

அந்தப் பெண் போன பிறகு ஜெபராணியிடம் எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். கஷ்டம் ஒன்றுமில்லை. அடியில் உள்ள கிளிப்பை எடுத்து, பாத்திரத்தில் வடித்து, வாயைத் துடைத்து, மறுபடி பூட்டவேண்டும். சில நாளைக்கு ஒருமுறை பையை மாற்றவேண்டும். மாற்றும்போது குடலின் நுனி தெரிகிறது, மாதுளை முத்து நிறத்தில், ஈரமாக. தொட்டால் வலிக்காதாம்.

"பாக்காதீக மதினி."

"பாக்காம எப்படி வடிக்கிறது? உன் மேலதான் கொட்டும்."

"நாத்தம்."

"சத்துணவுல முந்நூறு பிள்ளைக. எது எதையெல்லாமோ துடைச்ச கை இது. நீ கம்முனு படு."

படுத்தாள். முடிந்ததும் என் கையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். திருப்தியாக விட்டுவிட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். அவளை என் பக்கத்து அறையில் படுக்கவைத்தேன். கூப்பிட்டால் கேட்கவேண்டும், அதற்காக.

இதய டாக்டர் கொடுத்த தாளில் எண்ணெய் கூடாது, உப்பு குறையவேண்டும். குடல் டாக்டர் கொடுத்த தாளில் கீரை கூடாது, கடலை கூடாது, தோலோடு எதுவும் கூடாது; குழைந்த சோறு, வாழைப்பழம், மோர். இரண்டு தாளையும் அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டேன். இரண்டிலும் ஒத்துக்கொள்ளக் கூடியது சோறும் தண்ணீரும்தான்.

அக்டோபர் 8, புதன்

இரண்டு நாளாகக் கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையில் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. இன்று காலை எழுந்து நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, பக்கத்தில் இருந்தேன். நாக்கு காய்ந்த இலை மாதிரி. ஆட்டோ வைத்து இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினோம்.

நிலோஃபர் டாக்டருக்குப் போன் செய்தேன். "உப்பு போட்டுக் குடுக்குறீங்கள்ல?" என்றார்.

"உப்பைக் குறைக்கணும்னு பூபாலன் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரே?"

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பை வழியா உப்பும் தண்ணியும் சேர்ந்து போயிரும்மா. நிறையப் போனா உப்பு சேர்த்தாகணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர், நெஞ்சு ஒரு வீட்லயும் வயிறு இன்னொரு வீட்லயும் இல்ல. ரெண்டும் ஒரே ஆளுக்குத்தான். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி, ஒரே தாளா அனுப்புங்க. அதுவரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

வைத்துவிட்டேன், பேலன்ஸ் போய்விடும் என்று. ஆனால் சாயங்காலம் ஒரே தாள் வந்தது, இருவர் பெயரும் போட்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல் இவ்வளவு, சாப்பாட்டில் உப்பு இவ்வளவு.

டிரிப் ஊசியோடு படுத்திருந்தவள் கேட்டாள். "டாக்டரையே வையுதீகளே மதினி?"

"வையல. கேட்டேன்."

"எக்ஸ்சேஞ்சுல கேட்டிருந்தா லைனைக் கட் பண்ணிருப்பேன்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். ஆமாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கும் இல்லை, அதிரசமும் இல்லை. கோதுமைப் பால் கிண்டினேன், அவளுக்கு ஆகக்கூடியது அதுதான். எதிர்வீட்டுத் தம்பதி ஸ்வீட் பாக்ஸோடு வந்து, மரியாதைக்கு உட்கார்ந்து, உடம்பு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, பை தன் இஷ்டத்துக்கு 'பொட்பொட்' என்று பேச ஆரம்பித்துவிட்டது. அது அப்படித்தான், யார் சொன்னாலும் கேட்காது. அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்கள்.

தங்கம் முகம் மாறாமல் சொன்னாள். "ஒண்ணுமில்ல. நம்ம வீட்லயும் ஒரு சரம் வெடிச்சாச்சு."

அவர்கள் போன பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பு! அவள் தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "வேண்டாம் மதினி, கம்பி விட்டுப் போயிரும்" என்று கெஞ்சக் கெஞ்ச எனக்கு நிற்கவில்லை. இந்த வீட்டில் அவர் இருந்தபோதுகூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததாக ஞாபகம் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மதுரைக்குப் பரிசோதனைக்குப் போய்வந்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் பையை எடுத்துவிட்டுக் குடலை உள்ளே சேர்த்துத் தைக்கலாம் என்றார் நிலோஃபர். போகும்போது கார். வரும்போது பஸ்ஸில்தான் வருவேன் என்று அடம் பிடித்தாள். வெளிக்காற்று வேண்டுமாம். இளநீலச் சேலை கட்டியிருந்தாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு இஸ்திரி போட்டு.

ஹோட்டல் சாப்பாடு ஆகாது என்று தூக்கில் ரசம் கொண்டுபோயிருந்தேன். பாதி மிச்சம் இருந்தது.

விருதுநகர் தாண்டியதும் தங்கம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பையின் ஓரம் ஒட்டு விட்டுவிட்டது. சேலையில் ஈரம் பரவுவது தெரிந்தது. வாடையும். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடினாள். பின்னால் ஒருவர், "கண்டக்டர், என்னமோ நாறுதுல்ல? என்னன்னு பாருங்க" என்றார். கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

தங்கம் என்னிடம், "மதினி, பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லுங்க, நான் இறங்கிருதேன்" என்றாள். அந்தப் பொட்டல்காட்டில் எங்கே இறங்குவது?

அப்போது பார்த்து பஸ் ஒரு பள்ளத்தில் குதித்ததா, தூக்கு கை தவறி எங்கள் இரண்டு பேர் மடியிலும் கவிழ்ந்துவிட்டது. மூடி லூஸாக இருந்திருக்கவேண்டும். பெருங்காயமும் பூண்டுமாக பஸ் முழுக்க ஒரே ரச வாசனை. எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, பஸ்ஸுக்குள்ள குழம்பைக் கொட்டி வச்சிருக்கீகளே, அறிவில்ல?"

"கெட்டுப்போன ரசம் போல. அதான் அந்த நாத்தம் நாறிருக்கு."

"வயசாச்சு தம்பி, கை நிக்க மாட்டேங்குது" என்றேன். கண்டக்டர் மட்டும் ஒரு பழைய பேப்பர் கொடுத்தார். அதை அவள் மடியில் விரித்து, என் துண்டையும் போட்டு மூடினேன். கோவில்பட்டி வரும் வரை முன் சீட்டுப் பெண் என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். முறைக்கட்டும்.

நல்ல ரசம். வீணாய்ப் போனதுதான் வருத்தம்.

நவம்பர் 12, புதன்

இளநீலச் சேலையை ஊறவைத்து அலசினேன். மஞ்சள் கறை முழுக்கப் போகவில்லை.

தங்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அலசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"பஸ்ஸு பள்ளத்துல ஒண்ணும் குதிக்கல."

"குதிச்சுது. நீ கவனிச்சிருக்க மாட்ட."

"உங்களுக்குக் கை தவறாது மதினி. இத்தனை வருசமா பாக்கேன். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினது கிடையாது."

நான் சேலையைப் பிழிந்தேன்.

"உங்க குழம்பு கொதிக்கிற வாசம் முன்கட்டுக்கு வரும்" என்றாள். "அன்னைக்கு எனக்கு ரெண்டு வாய் சோறு கூட இறங்கும். வந்து கேக்க வாய் வராது. அண்ணன் போனப்பறம், உங்க குக்கர் விசில் கேட்டாத்தான் நான் தட்டு எடுப்பேன். விசில் கேக்கலைன்னா நீங்க சமைக்கலைன்னு அர்த்தம். எனக்கும் சாப்பாடு இறங்காது. நிறைய நாள் கேக்கல மதினி."

சேலையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து உதறச் சொன்னேன். கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார்; சேலை உதறலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

குடலை உள்ளே சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை. ஜெபராணிதான், ஏன் ஒரே இடத்தில் நடந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

டிசம்பர் 13, சனி

காலையில் தங்கம் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போனாள். நானும் ஜெபராணியும் கதவுக்கு வெளியே நின்றோம். நிலோஃபர் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தவர் அவரும் நின்றார். மூன்று பெண்கள், ஒரு மூடிய கதவு, யாரும் மூச்சு விடவில்லை.

உள்ளேயிருந்து கணீரென்று வந்தது. "ஆச்சு!"

பழைய குரல். டாக்டர் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

மதுரையிலிருந்து நாங்கள் வீடு திரும்பிய மூன்றாம் நாள், சுடலைமுத்து காரோடு வந்தான். "ஒரு மாசம் அக்கா எங்க வீட்ல இருக்கட்டும் மதினி. நீங்களும் பாவம், எத்தனை நாளா அலையுதீக. கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றான். அன்று வராந்தாவில் அப்படிச் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் அவனுக்கு இன்னும் இருக்கிறது. பாவம், நல்ல பிள்ளை.

தங்கம் என்னைப் பார்த்தாள். நான், "போயிட்டு வா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றேன். "உங்களுக்கும் ஓய்வா இருக்கும்" என்றாள். மாத்திரைகளை வேளைவாரியாகக் கட்டிக் கொடுத்தேன். கார் போய்விட்டது.

எனக்கும் நிம்மதிதான். எவ்வளவு வேலை.

டிசம்பர் 22, திங்கள்

வீடு பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன். நல்ல ஓய்வு.

டிசம்பர் 23, செவ்வாய்

பதினோரு மணி இருக்கும். வாசலில் கார் சத்தம். தங்கம் இறங்கிக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து பின்னாலேயே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் புரியாத முகத்தோடு நின்றான்.

"என்ன தங்கம், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்தாள். "அங்க பாத்ரூம் சரியில்ல மதினி. ஒரே வழுக்கு. விழுந்து கிழுந்து வச்சா மறுபடியும் உங்களுக்குத்தான் வேலை."

சுடலைமுத்து வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அவன் போன வருஷம்தான் புது வீடு கட்டினான். பால் காய்ச்சும்போது நானும் போயிருந்தேன். குளியலறையைக் கதவு திறந்து திறந்து எல்லோருக்கும் காட்டினான். சொரசொரப்பான டைல்ஸ், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பிகூட உண்டு.

"ஆமா, நானும் பாத்தேன்" என்றேன். "வழுக்கத்தான் செய்யும்."